தோணிக் கணக்கும் டோரண்ட் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு மாணவர், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)

ஆண்டு மலருக்கு டோரண்ட் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மீதிப் பேர் "எந்தப் படம்லே?" என்று கேட்டார்கள். மலர்க் குழுவில் இருக்கும் அண்ணன் ஒருவர், "தம்பி, மலரை பிரின்சிபால் சாரும் படிப்பார், பார்த்து எழுது" என்று எச்சரித்தார். படிக்கட்டும். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஒளிக்க வேண்டிய சாமான் இது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பதுதான் என் வருத்தம். லினக்ஸ் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரில் டோரண்ட் கிளையண்ட் ஒன்றை நிறுவி, ஒரு பெரிய பைலை ஐந்து நாளில் இறக்கி, அதற்குள் வீட்டில் ஒரு நாள் கூலியையும் தொலைத்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். வாசக நண்பர்கள் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

முதலில் கம்ப்யூட்டர் வந்த கதை. விண்டோஸ் 10-க்குத் தந்து வந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாப்ட் நிறுத்தியது அல்லவா? விண்டோஸ் 11 ஏற்ற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், புதிய பிராசஸர் வேண்டும். இல்லாத கம்ப்யூட்டர்களை ஆபீஸ்காரர்கள் கழித்துக் கட்டினார்கள். அப்படி ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசிலிருந்து பழைய சாமான் கடைக்கு வந்த டெஸ்க்டாப் ஒன்றை அப்பா 3,500 ரூபாய்க்குப் பேசி வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். ஆகவே அதை வைப்பதற்கு அம்மா சாமான் பரணைக் காலி செய்து, துடைத்து, மேலே பழைய சேலையைத் திரையாகப் போட்டார். உப்புக் காற்று படக்கூடாதாம். உப்பளத்தில் வேலை பார்க்கிறவருக்கு உப்பு என்ன செய்யும் என்று தெரியாதா?

சீனியர் அண்ணன் ஒருவர் டெபியன் 13 இருந்த பென் டிரைவைத் தந்தார். டெபியன் என்பது லினக்ஸில் ஒரு வகை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது முழுக்கப் புதிதும் அல்ல. 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் ஏற்றப்பட்டிருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியதுதான் அந்த பாஸ். ஆனால் வாங்கிய அண்ணன் அக்காக்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

டெபியன் நன்றாக ஓடியது. ஆனால் எங்கள் லேபில் இருப்பது உபுண்டு 24.04. வீட்டிலும் அதையே போட்டுப் பழகினால் நல்லது என்று வகுப்பில் பத்துப் பேர் நினைத்தோம். அந்த பைல் ஏறக்குறைய 6 ஜிபி. என்னிடம் இருப்பது ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ். பிரவுசரில் போட்டால் முக்கால்வாசி வந்து நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இரண்டு முறை இப்படி ஆனது. ஆறு நாள் டேட்டா கடலில் கொட்டிய மாதிரி. அப்போதுதான் அந்த சீனியர் அண்ணன், "டோரண்ட்ல போடுடே, விட்ட எடத்துலருந்து எடுத்துக்கிடும்" என்றார்.

தாத்தா சொன்ன விளக்கம்

டோரண்ட் எப்படி வேலை செய்கிறது என்று நான் புத்தகத்தில் படித்தபோது புரியவில்லை. தாத்தாவிடம் தோணிக் கதை கேட்டபோது புரிந்தது.

நம் ஊரில் இப்போது கப்பல் நேராக பெர்த்துக்கு வந்து நிற்கிறது. 1974-இல் பெரிய துறைமுகம் வருவதற்கு முன்னால் அப்படி இல்லை. கரையோரம் ஆழம் கிடையாது. கப்பல் ஐந்தாறு மைல் தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைக் கரைக்குக் கொண்டுவருவது தோணிகள். தாத்தா பதினாறு வயதிலேயே தோணிக்குப் போனவர். ஒரு கப்பல் சரக்கை ஒரே தோணி எடுக்க முடியாது. பத்து இருபது தோணி போகும். முதல் மூட்டை முதலில் வர வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. எந்தத் தோணிக்கு எது கிடைத்ததோ அதை ஏற்றி வரும். காற்று மாறினால் ஒரு தோணி பிந்தும், இன்னொன்று முந்தும். ஆனால் கரையில் டாலி கிளார்க் கையில் ஒரு பேப்பர் இருக்கும். மொத்தம் எத்தனை மூட்டை, ஒவ்வொன்றிலும் என்ன அடையாளம் என்று அதில் எழுதியிருக்கும். வந்ததை அடிக்க அடிக்க, எது பாக்கி என்று தெரிந்துகொண்டே இருக்கும். தண்டல் யாராக இருந்தாலும் கவலை இல்லை. பேப்பரோடு ஒத்துப்போனால் சரக்கு சரி.

இதுதான் டோரண்ட், நண்பர்களே!

பிராம் கோஹன் என்ற அமெரிக்கர் 2001-இல் இதை வெளியிட்டார். பெரிய பைலை ஒரே அளவுள்ள சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்வது. துண்டு 256 கேபி என்று வைத்தால் நம் 6 ஜிபி பைலுக்கு ஏறக்குறைய 24 ஆயிரத்து ஐந்நூறு துண்டு. அந்த பைலை ஏற்கெனவே முழுதாக வைத்திருப்பவர்களை ஸீடர் என்கிறார்கள். நம்மைப்போலப் பாதி வைத்திருப்பவர்களும் கூட்டத்தில் உண்டு. ஒரு துண்டு ஜெர்மனிக்காரரிடமிருந்து வரும், அடுத்தது பெங்களூர்க்காரரிடமிருந்து வரும். நம்மிடம் வந்த துண்டை அதே நேரத்தில் நாமும் இன்னொருவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்போம். கூட்டம் கூடினால் சாதாரண சர்வர் திணறும். டோரண்டுக்குக் கூட்டம் கூடக் கூட நல்லது.

டாலி கிளார்க்கின் பேப்பர்தான் '.டோரண்ட்' என்ற சின்ன பைல். படம், பாட்டு, சாப்ட்வேர் எதுவும் அதற்குள் இல்லை. துண்டுகளின் பட்டியலும், ஒவ்வொரு துண்டின் 'ஹாஷ்' என்ற அடையாள எண்ணும், கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும் டிராக்கரின் முகவரியும் மட்டுமே இருக்கும். மேக்னெட் லிங்க் என்பது அந்தப் பேப்பரைக்கூடக் கையில் தராமல், "இந்த அடையாளமுள்ள பேப்பர் யாரிடம் இருக்கிறது?" என்று கூட்டத்திலேயே விசாரித்து வாங்கிக்கொள்ளும் முறை.

ஹாஷ் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கடற்கரையில் சங்கு குளிப்பவர்களிடம் ஓட்டை போட்ட அளவுப் பலகை ஒன்று உண்டு. சங்கு அதில் நுழைந்து விழுந்துவிட்டால் அது குஞ்சுச் சங்கு, திரும்பக் கடலுக்கே போக வேண்டும். முத்துக்கும் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. நம் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துவிட்டதால் அந்தச் சல்லடையை நான் பார்த்ததில்லை. டோரண்டும் ஒவ்வொரு துண்டையும் அப்படிச் சோதித்துத்தான் சேர்க்கிறது. ஆனால் பலகை பருமனை மட்டும் பார்க்கும். ஹாஷ் கைரேகை மாதிரி. துண்டுக்குள் ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். மாறினால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதை மட்டும் மறுபடி கேட்கும். பிரவுசர் மாதிரி 6 ஜிபியையும் திரும்பக் கேட்காது. மூன்றாம் நாள் கரண்டு போய் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். வந்ததும் 'வெரிஃபை லோக்கல் டேட்டா' என்பதை அழுத்தினேன். இருந்த துண்டையெல்லாம் ஒருமுறை எண்ணிப் பார்த்து, மூன்று துண்டைக் கழித்துவிட்டு, மீதியை வைத்துக்கொண்டது.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பேப்பரே பொய்யாக இருந்தால் கிளார்க் என்ன செய்வார்? எனவே '.டோரண்ட்' பைலை அந்தச் சாப்ட்வேரின் சொந்தத் தளத்தில்தான் எடுக்க வேண்டும். உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட், லிப்ரே ஆபீஸ் எல்லோரும் தங்கள் தளத்திலேயே தருகிறார்கள்.

நிறுவும் விதம்

லினக்ஸில் டோரண்ட் கிளையண்டுகள் பல உண்டு. டிரான்ஸ்மிஷன், க்யூபிட்டோரண்ட், டெல்யூஜ், கேடோரண்ட். எல்லாமே இலவசம், விளம்பரம் கிடையாது. பழைய கம்ப்யூட்டருக்கு டிரான்ஸ்மிஷன் போதும், இடத்தை அடைக்காது. விவரம் அதிகம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் க்யூபிட்டோரண்ட் போடலாம். 2006-இல் பிரான்ஸில் கிறிஸ்டோஃப் டுமேஸ் என்ற மாணவர் தொடங்கியது அது. ஆமாம், நம்மைப்போல ஒரு மாணவர்! லினக்ஸ் மின்ட் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், அதில் டிரான்ஸ்மிஷன் கூடவே வருகிறது.

விண்டோஸ் பழக்கத்தில் நாம் என்ன செய்வோம்? கூகுளில் பெயரைத் தேடி, முதலில் வருகிற தளத்தில் பச்சைப் பட்டனை அழுத்துவோம். லினக்ஸில் அப்படிச் செய்யவே கூடாது. டெபியனுக்கு என்று ஒரு களஞ்சியம் இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு சாப்ட்வேரும் சோதிக்கப்பட்டு, டிஜிட்டல் கையெழுத்தோடு வருகிறது. இது வீண் பயம் இல்லை. 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷனின் சொந்தத் தளத்திலேயே யாரோ புகுந்து, ஆப்பிள் மேக் கம்ப்யூட்டருக்கான பதிப்பில் 'கீரேஞ்சர்' என்ற கெட்ட நிரலைச் சொருகிவிட்டார்கள். நிறுவியவர்களின் பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது அது.

இம்மலரில் ஆங்கில எழுத்து வேண்டாம் என்று குழு முடிவு செய்திருப்பதால் கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்கவும். டெர்மினலைத் திறந்து முதலில்,

சூடோ ஆப்ட் அப்டேட்

என்று அடித்து என்டர் தட்ட வேண்டும். களஞ்சியத்தில் இன்று என்ன இருக்கிறது என்ற பட்டியலை இது கொண்டுவரும். பட்டியலுக்கே சில பத்து எம்பி போகும். பிறகு,

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டிரான்ஸ்மிஷன்-ஜிடிகே

அவ்வளவுதான். ஒய் என்று கேட்டால் ஒய். சில எம்பி இறங்கும், இரண்டு நிமிடத்தில் முடியும். மெனுவில் 'இன்டர்நெட்' பகுதியில் வந்து உட்கார்ந்திருக்கும்.

இப்படி எழுதுவது சுலபம். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஏன் என்று சொல்கிறேன், உங்களுக்கும் ஆகலாம்.

பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன், திரையில் ஒன்றுமே வரவில்லை. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து அதைக் கவிழ்த்துத் தட்டினேன். உப்பும் மணலும்தான் விழுந்தது. பல லினக்ஸ்களில் பாஸ்வேர்டு அடிக்கும்போது நட்சத்திரக் குறிகூடத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் எத்தனை எழுத்து என்று எண்ணிவிடக் கூடாதாம். பார்க்காமலே அடித்து என்டர் தட்ட வேண்டியதுதான்.

அடித்தால் அடுத்த திட்டு. நான் 'சூடோயர்ஸ்' பட்டியலில் இல்லையாம்! என் வீட்டுக் கம்ப்யூட்டரில் எனக்கே உரிமை இல்லை. டெபியனை நிறுவும்போது 'ரூட்' என்ற தலைவருக்குத் தனிப் பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால் சாதாரணப் பயனாளருக்கு சூடோ உரிமை தானாக வராது. அப்போது 'சு' என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போட்டு என்டர் தட்டினால் ரூட்டின் பாஸ்வேர்டு கேட்கும். உள்ளே போனபின் சூடோ என்ற சொல்லை விட்டுவிட்டு மீதிக் கட்டளையை அடிக்கலாம். வேலை முடிந்ததும் 'எக்ஸிட்' என்று அடித்து வெளியே வந்துவிட வேண்டும். தலைவர் நாற்காலியில் அதிக நேரம் உட்காரக் கூடாது, தெரியாமல் எதையாவது அழித்துவிடுவோம்.

மூன்றாவது தடங்கல். டிவிடியைப் போடு என்று கேட்டது. என் கம்ப்யூட்டரில் டிவிடி டிரைவே கிடையாது. காரணம், அண்ணன் தந்த பென் டிரைவில் இருந்தது முழு டிவிடி பதிப்பு. நெட் இல்லாமலே நிறுவினேன் அல்லவா, அது சாப்ட்வேர் எல்லாம் அந்த டிவிடியில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தது. களஞ்சியங்களின் பட்டியல் உள்ள பைலில் 'டெப் சிடிராம்' என்று தொடங்கும் வரிக்கு முன்னால் ஒரு # குறி போட்டால் அந்த வரியை விட்டுவிடும். அதோடு டெபியனின் இணையச் சர்வர் முகவரி உள்ள வரி இல்லையென்றால் சேர்க்க வேண்டும். சீனியர் அண்ணன் அந்த வரியை எழுதித் தந்த துண்டுச் சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வேண்டியவர்கள் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

டெஸ்க்டாப்பில் வைபை இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். போனை யுஎஸ்பி கேபிளில் சொருகி 'டெதரிங்' போட்டால் லினக்ஸ் தானாகப் பிடித்துக்கொள்கிறது. என் போனின் ஓட்டை உப்புக் காற்றில் கெட்டு, சார்ஜ் மட்டும் ஏறும், டேட்டா வராது. ஆகவே அப்பாவின் போனைச் சொருகினேன். அதில்தான் விவகாரம்.

ஒரு நாள் கூலி

அப்பா துறைமுகத்தில் காண்ட்ராக்ட் லோடிங் வேலை. எந்த ஷெட்டுக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்பதை மேஸ்திரி விடியற்காலை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் போடுவார். முதலில் 'வாரேன்' என்று பதில் போட்ட ஆட்களுக்கு வேலை.

இரண்டாம் நாள் இரவு பத்து மணிக்கெல்லாம் கோட்டா தீர்ந்துவிட்டது என்று மெசேஜ் வந்தது. டேட்டா தீர்ந்தால் டோரண்டும் தானே நின்றுவிடும் என்று நினைத்து, போனைச் சொருகியபடியே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். அது நிற்கவில்லை. கோட்டா தீர்ந்தால் இணைப்பு அறுவதில்லை, 64 கேபிபிஎஸ் வேகத்துக்கு இறங்கும், அவ்வளவுதான். இரவு 12 மணிக்குப் புது நாளின் 1.5 ஜிபி வந்தது. டோரண்ட் நல்ல பிள்ளையாக விட்ட இடத்திலிருந்து தொடங்கி, நான் எழுந்திருக்கும் முன்பே அதையும் தின்று தீர்த்தது. அதற்குப் பிறகும் விடவில்லை. 64 கேபிபிஎஸ் என்பது நொடிக்கு வெறும் 8 கேபி. ஊசி ஓட்டை மாதிரியான அந்த வழியிலும் முப்பது நாற்பது பேரோடு டோரண்ட் பேசிக்கொண்டிருந்தது. மேஸ்திரியின் செய்தி உள்ளே நுழையவே இடமில்லை.

அப்பா நாலரைக்கு எழுந்து போனைப் பார்த்துவிட்டு, 'இன்னைக்கு கப்பல் இல்ல போலருக்கு' என்று மறுபடி படுத்துவிட்டார். எட்டு மணிக்கு நான் கேபிளைப் பிடுங்கிய பிறகு செய்தி வந்தது. அதற்குள் கேங் நிரம்பிவிட்டது.

அப்பா திட்டவில்லை. "எவ்வளவு எறங்கிருக்கு?" என்று மட்டும் கேட்டார். "பாதி" என்றேன். "மீதிக்கு எத்தனை கூலி ஆவும்?" என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று கல்லூரிக்கு வந்து சீனியர் அண்ணனிடம் உட்கார்ந்து அமைப்புகளையெல்லாம் கற்றேன். எந்தக் கட்டுரையிலும் நிறுவுவதைப் பற்றித்தான் முதலில் சொல்கிறார்கள். நம்மைப்போலக் கோட்டாவில் வாழ்கிறவர்களுக்கு நிறுத்துவதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும்.

டிரான்ஸ்மிஷனில் 'எடிட்' மெனுவில் 'ப்ரிஃபரன்சஸ்' திறந்தால் 'ஸ்பீட்' என்ற பகுதி வரும். அப்லோட் வேகத்துக்கு ஒரு வரம்பு போடுங்கள். நான் 20 கேபி போட்டிருக்கிறேன். கணக்குப் பார்த்தால் மணிக்கு 72 எம்பிக்குள். போடாமல் விட்டால் நாம் கொடுக்கும் துண்டுகளும் நம் கோட்டாவில்தான் கழியும். அதற்காக அப்லோடைப் பூஜ்யம் ஆக்கிவிடவும் வேண்டாம். யார் தனக்குக் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு முதலில் கொடு என்பது இந்த முறையின் அடிப்படை. கைமூடிக்கு வேகம் குறையும். அதே பகுதியில் நேரம் குறித்து வேகத்தைக் குறைக்கும் வசதியும் உண்டு. இரவு 11 முதல் காலை 8 வரை மிகக் குறைந்த வேகம் என்று வைத்தேன். ஆனால் உண்மையான பாதுகாப்பு, படுக்கப் போகும்முன் 'பாஸ்' அழுத்தி, கேபிளைக் கழற்றி, போனை அப்பா தலைமாட்டில் வைப்பதுதான். எங்கள் வீட்டில் இப்போது இதுதான் சட்டம்.

'சீடிங்' பகுதியில் எந்த விகிதம் வந்ததும் நிறுத்த வேண்டும் என்று சொல்லலாம். வாங்கிய அளவு திரும்பக் கொடுத்தால் விகிதம் 1. அதுதான் மரியாதை என்பார்கள். எனக்கு 1 என்றால் 6 ஜிபி, முழுசாக நாலு நாள் டேட்டா. நான் 0.2-இல் நிறுத்தினேன். மனசு உறுத்தியது. ஆனால் அந்த பைலைப் பென் டிரைவில் இதுவரை பதினொரு பேருக்குக் கொடுத்திருக்கிறேன், அந்தக் கணக்கு டிரான்ஸ்மிஷனுக்குத் தெரியாது. (பென் டிரைவ் 'ஃபேட்32' முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேலான ஒரே பைல் அதில் ஏறாது. இடம் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், 'எக்ஸ்ஃபேட்' ஆக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றினால் உள்ளே இருப்பது அழியும்.)

'நெட்வொர்க்' பகுதியில் 'போர்ட் மூடியிருக்கிறது' என்ற அர்த்தத்தில் ஒரு வரி வரும். துறைமுக ஊர்க்காரனுக்கே போர்ட் இல்லையா என்று எனக்குக் கோபம் வந்தது! இது பழுதல்ல. மொபைல் நெட்டில் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிறையப் பேரைக் கம்பெனிகள் வைத்திருப்பதால், வெளியிலிருந்து யாரும் நேராக நம் கம்ப்யூட்டருக்கு வந்து கதவைத் தட்ட முடியாது. 1974-க்கு முந்தைய தூத்துக்குடி போல. கப்பல் கரைக்கு வராது, நம் தோணிதான் வெளியே போக வேண்டும். போனால் சரக்கு வரும். கொஞ்சம் மெதுவாக வரும்.

போலீஸ் கேஸா?

அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். டோரண்டும் க்யூபிட்டோரண்டும் குற்றம் அல்ல. தோணி குற்றம் இல்லை, கள்ளச் சரக்குதான் குற்றம். ஆனால் இந்த வேறுபாட்டை ஒரு காலத்தில் நெட் கம்பெனிகளே குழப்பிக்கொண்டன. 2012-இல் கொலவெறிப் பாட்டு வந்த '3' படத்தைத் திருட்டுத்தனமாகப் பரப்பக் கூடாது என்று தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியது. அதைக் காட்டிப் பல இணையச் சேவை நிறுவனங்கள் டோரண்ட் தளங்களையும், விமியோ போன்ற சாதாரண வீடியோ தளங்களையும் முழுசாக அடைத்துவிட்டன. அந்த ஆண்டு ஜூனில் நீதிமன்றம், திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட முகவரியைத்தான் அடைக்க வேண்டும், முழுத் தளத்தை அல்ல என்று தெளிவுபடுத்தியது. ஒரு மூட்டையில் கள்ளச் சரக்கு என்பதற்காகத் துறைமுகத்தையே மூடினால் எப்படி?

அதே சமயம் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புதுப்படம் இறக்குகிறவர்கள் 'நான் பார்க்க மட்டும்தானே செய்றேன்' என்பார்கள். டோரண்டில் இறக்கும்போதே நாமும் கொடுக்கிறோம் என்று மேலே சொன்னேன். அதாவது பரப்புகிறவர்களில் நாமும் ஒருவர். கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் நம் ஐபி முகவரி தெரியும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. அபராதத்தை நம் வீட்டுக் கூலியில் வகுத்துப் பார்த்தால் போதும்.

இறக்க வேறு என்ன இருக்கிறது என்றால், நிறைய. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் 2012 முதல் தன் சேகரிப்பை டோரண்டாகவும் தருகிறது. பழைய தமிழ்ப் புத்தகங்களும் அதில் உண்டு. 'கிவிக்ஸ்' என்ற திட்டம் விக்கிப்பீடியாவையே ஒரு பைலாகக் கட்டித் தருகிறது, தமிழ் விக்கிப்பீடியாவும் உண்டு. ஒருமுறை இறக்கி வைத்தால் நெட் இல்லாமலே படிக்கலாம். பத்தாம் வகுப்பு படிக்கும் தங்கைக்கு அதைத்தான் அடுத்து இறக்கப் போகிறேன், பகலில்.

ஐந்தாம் நாள் மாலை பைல் முடிந்தது. பிறகு ஆசைக்கு க்யூபிட்டோரண்டையும் நிறுவிப் பார்த்தேன். அதில் யார் யாரோடு துண்டு பரிமாறுகிறோம் என்று நாட்டுக் கொடியோடு காட்டுகிறது. பிரான்ஸ், ஜப்பான், பிரேசில். திடீரென்று வாளேந்திய சிங்கக் கொடி ஒன்று. இலங்கை! நம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கல்கிசைக்கு 2006-இல் கடலடிக் கேபிள் ஒன்று போட்டிருக்கிறார்கள். என் துண்டு அந்த வழியாகத்தான் போனதா, சென்னையோ மும்பையோ சுற்றிப் போனதா என்பதைக் கொடியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தாத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தோணியில் கொழும்புக்கும் போய் வந்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தார்.

"அங்க யாருலே சரக்கு எடுக்கா?"

"தெரியாது தாத்தா."

"எவ்வளவு போயிருக்கு?"

"ரெண்டு எம்பி."

"கணக்கு எழுதிக்கிட்டியா?"

"அதுவே எழுதிக்கிடும்."

தாத்தா அதை நம்பவில்லை. மேசையில் கிடந்த என் லேப் நோட்டின் பின் அட்டையில் தேதி போட்டு, கொழும்பு, 2 எம்பி என்று எழுதி வைத்தார்.

உபுண்டு 24.04-உம் டெபியன் 13 டிவிடி பதிப்பும் என்னிடம் உள்ளன. வேண்டும் நண்பர்கள் 16 ஜிபி பென் டிரைவோடு மதிய இடைவேளையில் எலக்ட்ரானிக்ஸ் லேப் வராந்தாவுக்கு வரலாம். உள்ளே முக்கியமான எதுவும் இருந்தால் முன்பே எடுத்துவைத்துவிட்டு வரவும்.